நாங்கள் போய்ச் சேராத கோட்டை

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது, நம் பகுதி வரலாறு பற்றி ஒரு கட்டுரை. "செஞ்சியைப் பற்றி எழுதிடுங்களேன், எல்லாருக்கும் தெரிஞ்சது" என்றார்கள். எல்லாருக்கும் தெரிந்ததை நான் எதற்கு எழுத வேண்டும்? நமக்குத் தெரியாத ஒரு கோட்டையைப் பற்றியும், அங்கே போக நம் கல்லூரி மாணவர்கள் 17 பேர் சைக்கிளில் கிளம்பி, போய்ச் சேராமலே திரும்பி வந்ததைப் பற்றியும் எழுதுகிறேன். அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவன் நான். ஆகவே, திரும்பி வந்ததற்கும் பொறுப்பு நான்தான்.

அந்தக் கோட்டையின் பெயர் ஆலம்பரை. மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்தை ஒட்டி, உப்பங்கழியின் கரையில் இடிந்து நிற்கிறது. கோட்டைக்கு முன்னால் கழி. கழிக்கு அப்பால் மணல்திட்டு. அதற்கும் அப்பால் கடல். செஞ்சியில் மலையைப் பார்த்து அண்ணாந்து நிற்கிறோம். இங்கே அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லை. உடைந்த செங்கல் சுவர்கள், மணல், தண்ணீர். அவ்வளவுதான். அதைத்தான் நாங்கள் பார்க்க ஆசைப்பட்டோம்.

பேச்சு ஆரம்பித்த இடம்

1985-ஆம் ஆண்டின் கடைசி. அப்போது நம் ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993-இல். கல்லூரி வாசலில் மரத்தடியில் சைக்கிள்களைச் சாத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். தமிழ் வகுப்பில் ஐயா சிறுபாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தார். பத்துப்பாட்டில் ஒன்று; 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடன். அவனுடைய தலைநகர் கிடங்கில்.

"கிடங்கில் எங்க இருக்கு தெரியுமாடா?" என்று கேட்டார் ஐயா. வகுப்பே பேசாமல் இருந்தது. "வாரா வாரம் பஸ்ஸுல அதைத் தாண்டித்தானடா மெட்ராஸ் போறீங்க! திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கு. கிடங்கல்னு சொல்றான் பாரு, அதுதான்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்க இலக்கியம் என்றால் மதுரை, கொற்கை, காவிரிப்பூம்பட்டினம் என்று நினைத்திருந்தோம். திண்டிவனம் என்றால் எங்களுக்குப் பஸ் மாறும் இடம். அந்தத் திண்டிவனத்தில் ஒரு மன்னன், அவனைத் தேடிப் பாணர்கள் நடந்து வந்த வழி! ஐயா மேலும் சொன்னார். அந்த வழியில் வரும் எயிற்பட்டினம் என்னும் துறைமுகம் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அங்கே பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும். கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரத்தை விறகாக எரித்தார்களாம். அடுத்து வேலூரில் எயினர் வீட்டில் சுடச்சுடச் சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் நண்டுக் கறியோடு சோறு. ஹாஸ்டல் சாம்பாரில் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பாட்டு வரலாறாகத் தெரியவில்லை, சாப்பாட்டுப் பட்டியலாகத்தான் தெரிந்தது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், இடைக்கழிநாடு எங்க ஊர்ப் பக்கம்தான் சார். அங்க கடலோரமா ஒரு உடஞ்ச கோட்டை இருக்கு."

சொன்னவன் மரக்காணத்துப் பையன். அப்பா உப்பளத்தில் கூலி வேலை. அதிகம் பேசமாட்டான். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அவன் விருப்பம் அது. உப்பளத்தான் என்று நாங்கள் கூப்பிடுவோம், அப்படியே இங்கும் சொல்கிறேன்.

அன்று மரத்தடியில் முடிவானது: பொங்கல் கழிந்ததும் சைக்கிளில் ஆலம்பரை போகிறோம். பாணர்கள் கடற்கரையிலிருந்து கிடங்கிலுக்கு வந்தார்கள். நாங்கள் கிடங்கிலிலிருந்து கடற்கரைக்கு, புலவர் பிறந்த நாட்டுக்கே போகிறோம்.

கோட்டையின் கதை

போவதற்கு முன் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பது வரலாற்றுத் துறை ஆசிரியர் போட்ட நிபந்தனை. அன்று நூலகத்தில் குறித்துக்கொண்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆலம்பரைக் கோட்டை ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில், 1730-களின் பிற்பகுதியில் எழுந்தது. கல் கிடைக்காத கடற்கரை. ஆகவே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நவாபுக்கு இது கடல் வாசல். உப்பு, நெய், சரிகைத் துணி எல்லாம் இங்கிருந்து கப்பலேறியதாகச் சொல்வார்கள். சரக்கு ஏற்றி இறக்கப் படகுத்துறை இருந்தது; நாணயச்சாலையும் இருந்தது. 1736-இல் புதுச்சேரி கவர்னர் துய்மா, சொந்தமாக ரூபாய் அச்சடிக்கும் உரிமையை இதே தோஸ்த் அலி கானிடமிருந்துதான் பெற்றார். காசு அடிக்கும் உரிமை என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் ஆலம்பரையின் பெயர் அடிக்கடி வரும்.

தோஸ்த் அலி கான் 1740-இல் மராட்டியருடன் நடந்த போரில் கொல்லப்பட்டார். பிறகு நவாப் பதவிக்கும் நிஜாம் பதவிக்கும் வாரிசுச் சண்டை. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர், ஒரு பக்கம் ஆங்கிலேயர். துய்ப்ளே செய்த உதவிக்காக, 1750-இல் முசாபர் ஜங் இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார்.

அது பத்தே ஆண்டுதான். 1760 ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். அதற்குப் பிறகு அவர் நேராகப் புதுச்சேரிக்குப் போய்விடவில்லை. முதலில் அதைச் சுற்றியிருந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். அந்த மார்ச் மாதத்தில் பெருமுக்கல் விழுந்தது. அங்கே நடந்த தாக்குதலில் கூட்டுக்கே முழங்காலில் காயம். அடுத்து ஆலம்பரை விழுந்தது. கடல் வழியாக உதவி வந்து இறங்கும் இடம் ஒன்று குறைந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் சரணடைந்தது. ஆலம்பரையை ஆங்கிலேயர் இடித்துப் போட்டார்கள். எதிரி மறுபடி வந்து உட்காரக் கூடாது அல்லவா?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் போனால் பெருமுக்கல் மலை கண்ணில் படும். அதாவது, எங்கள் சைக்கிள் பாதை சங்ககாலப் பாணர் வழி மட்டுமல்ல. 1760-இல் படை போன பக்கமும் அதுதான். ஒரு நாள் பயணத்தில் இரண்டு வரலாறு. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்த வினையே அதுதான்!

திட்டம்

வரைபடத்தில் நூல் வைத்து அளந்தேன். விழுப்புரம் - திண்டிவனம் சுமார் 38 கிலோமீட்டர். திண்டிவனம் - மரக்காணம் சுமார் 35. அங்கிருந்து கடப்பாக்கம் சுமார் 15, கோட்டைக்கு இன்னும் 3. ஆகமொத்தம் 90-க்குக் கொஞ்சம் மேல். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் எட்டு மணி நேரம். காலை 6 மணிக்குக் கிளம்பினால், சாப்பாட்டுக்கு நிறுத்தினாலும், மாலை 4 மணிக்குக் கோட்டை. கணக்கு சரியாக வந்தது. நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கட்டம் கட்டினேன்.

உப்பளத்தான் பார்த்தான். "ஒரே நாள்ல வேணாம்டா" என்றான்.

"ஏன்? எட்டு மணி நேரம்தான?"

"கணக்குல எட்டு. மத்தியானத்துக்கு மேல கடக்காத்து எழும்பிடும். நாம கெழக்கால போறோம், காத்து எதிர்த்து நிக்கும். தை மாசம் வாடை வேற. மொத நாளு சாயங்காலமே திண்டிவனம் போய்ப் படுத்துக்கலாம். விடிகாலம் நாலு மணிக்குக் கெளம்பினா, காத்து எழும்பறதுக்குள்ள போய்ச் சேந்துடலாம்."

நான் கேட்கவில்லை. காரணத்தை நேர்மையாகச் சொல்கிறேன். காற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒன்று. கல்லூரி வாசலில் கொடியசைத்து வழியனுப்பும் விழா ஒன்றுக்கு நான் ஏற்பாடு செய்திருந்தேன் என்பது இன்னொன்று. விடிகாலை நாலு மணிக்குத் திண்டிவனத்தில் எந்தச் சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைப்பார்? போட்டோ யார் எடுப்பார்?

பெயர் கொடுத்தவர்கள் 24 பேர். வந்தவர்கள் 17 பேர். சொந்த சைக்கிள் இருந்தவர்கள் ஆறு பேர்தான். மற்றவர்களுக்கு வாடகை சைக்கிள். அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை. மணிக் கணக்கில்தான் தருவார்கள். இரண்டு நாளைக்கு என்றதும் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி கடையில நிக்கணும். இல்லாட்டி அப்பன் பேரைச் சொல்லு" என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். தலைக்கு 15 ரூபாய் வசூல். ஒரு கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், மிதியடி தேய்ந்தவர்களுக்கு மாற்று இரண்டு, வால்வ் டியூப் ஒரு முழம், புளிசாதத்துக்கு ஒரு பெரிய தூக்கு. எல்லாவற்றையும் பட்டியல் போட்டேன். காற்றை மட்டும் போடவில்லை.

போன கதை

விழா 6 மணிக்கு என்றிருந்தோம். சிறப்பு விருந்தினர் வந்து, பேசி முடித்து, கொடி அசைந்தபோது மணி எட்டரை. போட்டோ எடுத்தாயிற்று. அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறோம், ஓரத்தில் உப்பளத்தான் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

விக்கிரவாண்டி தாண்டும்வரை பாட்டும் கூத்துமாகப் போனோம். கூட்டேரிப்பட்டு அருகே இரண்டு பஞ்சர். திண்டிவனம் போகும்போது பன்னிரண்டரை. கிடங்கல் பக்கம் போய் ஒரு நிமிடம் நின்று, "நல்லியக்கோடன் வாழ்க!" என்று கத்தினோம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி, "எந்தக் கட்சிடா அது?" என்று கேட்டாள். ஆறு பேர் அங்கேயே பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினார்கள். சைக்கிள்களை பஸ்ஸின் மேலே ஏற்றக் கண்டக்டரிடம் கெஞ்சியது தனிக்கதை.

மீதி 11 பேர் கிழக்கே திரும்பினோம். பெருமுக்கல் மலை தெரிந்தபோதே காற்று எழும்பிவிட்டது. மிதிக்கிறோம், மிதிக்கிறோம், மைல்கல் நகரவில்லை. வாடகை சைக்கிள் கனம் தெரியும் அல்லவா? ஒருவர் பின் ஒருவராக வரிசையாக வாங்கடா என்று உப்பளத்தான் சொல்லிக்கொடுத்தான். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வான். பின்னால் வருகிறவர்களுக்குச் சுலபம். பெரும்பாலும் அவனேதான் முன்னால் போனான்.

மரக்காணம் வந்தபோது ஐந்தே முக்கால். பொழுது சாய்ந்துவிட்டது. டைனமோ எரிந்தது மூன்று சைக்கிளில். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று இல்லை. 1990-களின் கடைசியில்தான் அது ஒழுங்கானது. இருட்டில், குறுகிய பாதையில், எதிர்காற்றில் இன்னும் 18 கிலோமீட்டர். நான், "திரும்பிடலாம்" என்றேன்.

அன்றிரவு உப்பளத்தான் வீட்டுத் திண்ணையிலும் பக்கத்து வீடுகளிலும் படுத்தோம். 11 பேருக்கு அவன் அம்மா சோறு வடித்து, மீன் குழம்பு வைத்தார். எயிற்பட்டினத்தில் மீன் கிடைக்கும் என்று நத்தத்தனார் சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டில் அவ்வளவு அரிசி இருந்திருக்காது, கடன் வாங்கித்தான் வடித்திருப்பார் என்பது எனக்கு உறைத்தது பல வருடம் கழித்து.

காலையில் உப்பளங்களைக் காட்டினான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், விளிம்பில் வெளுப்பு. வடக்கே ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தோடுதான் முடிகிறது. 1876 - 78 பஞ்சக் காலத்தில் கூலிக்குச் சனங்களை வைத்து அதன் ஒரு பகுதியை வெட்டினார்கள், அன்றைய கவர்னரின் பெயரே அதற்கு நிலைத்தது. அந்தக் கால்வாயில் படகில் உப்பு பட்டணத்துக்குப் போன காலத்தைத் தன் தாத்தா சொல்லுவார் என்றான். "இப்ப ஒரு நடை போய்ட்டு வந்துடலாம்டா, காத்து இல்ல" என்றும் சொன்னான். ஆறு மணிக்கு வண்டி கடையில் நிற்க வேண்டுமே! திரும்பிவிட்டோம். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது. வழியெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரித்தது போல இருந்தது.

பிறகு

அந்த ஆண்டே உப்பளத்தானின் அப்பா படுத்த படுக்கையானார். அவன் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டான். நாங்கள் பட்டம் வாங்கினோம். வேலை, குடும்பம் என்று சிதறினோம்.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவன் திண்ணை. சில வாரம் கழித்துத் தேடிப் போனேன். நல்லவேளை, குடும்பம் பத்திரமாக இருந்தது. அன்றுதான் முதல்முறையாக ஆலம்பரைக்குப் போனேன், அவனோடு, பஸ்ஸில். சுனாமியில் கோட்டைச் சுவரின் சில பகுதிகள் புதிதாகப் பெயர்ந்து கிடந்தன. இரண்டரை நூற்றாண்டுக்கு முன் பீரங்கி விட்டுவைத்ததைக் கடல் எடுத்துக்கொண்டிருந்தது. "1986-லயே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் பாத்திருக்கலாம்டா" என்றான். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

இன்று கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வழியில் இருக்கும் கழுவேலி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மயிலம், விழுப்புரம் பக்கம் எப்படிப் புரட்டிப் போட்டது என்பதை நாம் எல்லாரும் பார்த்தோம். கடற்கரையில் எதுவும் நமக்காகக் காத்திருக்காது.

மறுபடியும் ஒரு திட்டம்

மாணவத் தம்பி, தங்கைகளே! வருகிற தை மாதத்தில், பொங்கல் கழிந்த முதல் சனி, ஞாயிறு, பழைய மாணவர்களும் நீங்களுமாகச் சைக்கிளில் ஆலம்பரை போகிறோம். வெள்ளிக்கிழமை மாலையே திண்டிவனம், இரவு அங்கே. சனிக்கிழமை விடிகாலை 4 மணிக்குக் கிளம்பல். பெருமுக்கல் விடியும்போது, மரக்காணம் வெயில் ஏறுமுன், காற்று எழும்புவதற்குள் கோட்டை. நான்கு வழிச் சாலையில் ஓரத்தை விட்டு நகரக் கூடாது. முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். என்னைப் போன்ற முழங்கால்காரர்களுக்குப் பின்னால் ஒரு வண்டி வரும். கொடியசைப்பு விழா கிடையாது. அதை மட்டும் நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். கிளம்புமுன் சிறுபாணாற்றுப்படையை உரையோடு ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். 1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிட்டால், திண்டிவனத்தில் ஒரு தலைநகர் இருந்ததே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இம்மலரின் கடைசியில் அச்சாகும் முகவரிப் பட்டியலில் உப்பளத்தான் பெயர் இல்லை. கேட்டேன், பட்டம் பெற்றவர்களை வைத்துத்தான் பட்டியல் தயாரித்ததாகச் சொன்னார்கள். விதி அப்படியிருக்கலாம். ஆனால் எங்கள் வகுப்புக்கு ஆலம்பரையைச் சொல்லிக்கொடுத்தவன் அவன். காற்றைச் சொல்லிக்கொடுத்தவனும் அவன். அவனைப் போல வீட்டுக் கஷ்டத்தில் பாதியில் நின்றவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒரு வருடம் படித்தாலும் அவர்களும் இந்த மரத்தடியில் உட்கார்ந்தவர்கள்தான். அடுத்த மலரில் அவர்கள் பெயரும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பயணத்துக்கு அவனையே தலைமை ஏற்கச் சொல்லிப் போன வாரம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வர்றேன்டா. ஆனா ஒண்ணு."

"என்ன?"

"நாலுன்னா நாலு."